கார் டயர் வாங்குவது: விலை என்ன என்பதோடு நின்றுவிடாமல் கேட்க வேண்டியவை

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒருவர் தம் காருக்குப் புது டயர் மாற்றினார் என்றால், அவரைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு டயர் என்ன விலைக்குப் போட்டீர்கள்?" என்பதுதான். அவர் ஒரு தொகையைச் சொல்வார். கேட்டவர் தமக்குத் தெரிந்த கடையில் அதைவிட இருநூறு ரூபாய் குறைவு என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அந்த டயர் எந்த ஆண்டு செய்யப்பட்டது, வண்டிக்கு உரிய அளவும் தாங்குதிறனும் உடையதா, மாட்டிய பிறகு சக்கரங்களின் கோணம் சரிபார்க்கப்பட்டதா என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. ஆனால் கொடுத்த பணம் மதிப்புள்ளதா வீணா என்பதை முடிவு செய்பவை அந்தக் கேள்விகள்தான்.

நானும் ஒரு முறை விலையை மட்டும் பார்த்து நான்கு டயர்களையும் மாற்றி, இரண்டு வகையில் நட்டப்பட்டவன். அந்த அனுபவத்தை உரிய இடத்தில் சொல்கிறேன். கார் ஓட்டத் தெரியும், டயரைப் பற்றி எதுவும் தெரியாது என்ற நிலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

அரிசி வாங்குகிற கண்ணோடு

நம் ஊர் வீடுகளில் அரிசி வாங்கும்போது கிலோ விலையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. "சோறு எவ்வளவு காணும்?" என்று கேட்பார்கள். கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைவாகக் கிடைத்த புது அரிசி குழைந்துபோய்ச் சோறு குறைவாகக் காணுமானால், அது மலிவான அரிசி ஆகாது என்பதைப் பாட்டிமார்கள் கணக்கு எழுதாமலேயே அறிந்திருந்தார்கள். டயருக்கும் அதே கேள்வி பொருந்தும். இந்த டயர் எத்தனை கிலோமீட்டர் காணும்?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு டயர் 4,600 ரூபாய், 30,000 கிலோமீட்டர் ஓடும். இன்னொன்று 5,800 ரூபாய், 45,000 கிலோமீட்டர் ஓடும். முதல் டயருக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 பைசா ஆகிறது. இரண்டாவதற்கு ஏறத்தாழ 13 பைசாதான் ஆகிறது. கடையில் 1,200 ரூபாய் அதிகமாகத் தெரிந்த டயர், சாலையில் மலிவாகிவிடுகிறது. இந்தக் கணக்கின் இன்னொரு பக்கமும் உண்டு. அதே 5,800 ரூபாய் டயரை மாட்டிவிட்டுச் சக்கரக் கோணத்தைச் சரிபார்க்காமல் விட்டதால் அது 20,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிட்டால், கிலோமீட்டருக்கு 29 பைசா ஆகிவிடும். நல்ல டயர் என்று தேடி வாங்கியது அத்தனையும் மாட்டும் இடத்தில் கரைந்துபோகிறது.

அரிசிக் கணக்கைப் போலவே இதிலும் வீட்டின் தேவையை வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். வாரம் ஒரு முறை கோயிலுக்கும், மாதம் ஒரு முறை திருச்சிக்கும் மட்டும் வண்டி எடுக்கும் குடும்பம் ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர்தான் ஓட்டும் என்று வைத்துக்கொண்டால், 45,000 கிலோமீட்டர் ஓடக்கூடிய டயர் தேய்ந்து முடிய ஒன்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் ரப்பர் கெட்டுவிடும். அவர்களுக்கு நீண்ட ஓட்டத்துக்கான டயரில் போடும் கூடுதல் பணம் வீண். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயரே அவர்களுக்கு மதிப்புள்ளது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு நாள்தோறும் போய் வருகிறவருடைய கணக்கு முற்றிலும் வேறு. ஆகவே கடைக்குப் போகும் முன்பே ஓடோமீட்டரைப் பார்த்து, ஓர் ஆண்டுக்கு நாம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம்: டயரின் விலையை அது ஓடப்போகும் கிலோமீட்டரால் வகுத்துப் பார்க்க வேண்டும், குறைவாக ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டரோடு ஆண்டுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உள்ளங்கை அளவு இடம்

இவ்வளவு பணம் கொடுத்து நாம் வாங்குவது உண்மையில் எதை என்று ஒரு கணம் பார்க்கலாம். ஒரு டன் எடையுள்ள கார், சாலையைத் தொடும் இடம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பதும், திருப்பத்தில் வண்டி விலகாமல் நிற்பதும், அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியில் இருக்கின்றன.

டயரின் மேற்பகுதியில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்களும் மேடுகளும் சேர்ந்ததைத்தான் லாரிக்காரர்கள் 'பட்டன்' என்கிறார்கள். பிடிப்புக்காகவே பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த சாலையில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. அவற்றின் முதன்மையான வேலை தண்ணீரை வெளியேற்றுவது. வயலில் தேங்கிய நீரை வடிகால் வாய்க்கால் வெளியே கொண்டுபோவதைப் போல, டயருக்கும் சாலைக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் நீரை இந்தப் பள்ளங்கள் பக்கவாட்டில் தள்ளுகின்றன. வாய்க்கால் தூர்ந்துபோனால் வயலில் நீர் நிற்கும். பள்ளம் தேய்ந்துபோனால் டயருக்கு அடியில் நீர் நிற்கும். வேகம் கூடும்போது டயர் சாலையைத் தொடாமல் அந்த நீரின் மேல் மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. இதைத்தான் நீர்மிதப்பு என்கிறார்கள்.

புதிய கார் டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழம் இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது. அந்த அளவைக் காட்டுவதற்காகப் பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறிய ரப்பர் மேடுகள் வைக்கப்பட்டிருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஆனால் சட்டத்தின் எல்லை வரை காத்திருப்பது வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் மாவட்டங்களுக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை. 3 மி.மீ. ஆழத்துக்கு வந்துவிட்ட டயரைப் புரட்டாசிக்குள் மாற்றிவிடுவது என்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். மீதமிருக்கும் ஒன்றரை மி.மீ. ரப்பரைக் கோடையில் வேண்டுமானால் தேய்த்துத் தீர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதை நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்ல முடியாது.

ரப்பரின் தன்மையும் இதில் சேர்கிறது. பொதுவாகக் கடினமான ரப்பர் மெதுவாகத் தேயும். ஆனால் ஈரச் சாலையில் வழுக்கும். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், விரைவில் தேயும். இரண்டையும் ஓரளவு ஒருசேரத் தரும் கலவைகள் இப்போது உண்டு என்றாலும், அவற்றின் விலை கூடுதலாக இருக்கும். "இந்த டயர் லட்சம் கிலோமீட்டர் ஓடும் சார்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லும்போது, "மழையில் எப்படி?" என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பி வைக்கும் வைக்கோல் மீதும் நெல் மீதும் எவ்வளவு உயர்ந்த டயரும் வழுக்கத்தான் செய்யும். அங்கே வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அளவு

டயரின் பக்கவாட்டுப் பகுதிக்குப் பக்கச்சுவர் என்று பெயர். அதில் 185/65 ஆர்15 88எச் என்பதைப் போல ஒரு வரி அச்சாகியிருக்கும். இது கடைக்காரருக்கான குறியீடு என்று விட்டுவிடாமல், ஒரு முறை படித்துப் புரிந்துகொண்டால் பிறகு மறக்காது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. அதாவது ஏறத்தாழ 120 மி.மீ. ஆர் என்ற ஆங்கில எழுத்து, உள்ளே இழைகள் மையத்திலிருந்து ஆரக்கால்போலப் போகும் ரேடியல் டயர் என்பதைக் குறிக்கும். 15 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

பலர் கவனிக்காமல் விடுவது கடைசியில் இருக்கும் 88எச் என்பதைத்தான். 88 என்பது தாங்குதிறன் எண். சரியான காற்றழுத்தத்தில் அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பது அதன் பொருள். 85 என்றிருந்தால் 515 கிலோ, 82 என்றிருந்தால் 475 கிலோ. எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதற்கான எழுத்து. டி (T) என்றால் 190. நாம் யாரும் அந்த வேகத்தில் போகப்போவதில்லை என்றாலும், அந்த எழுத்து டயர் வெப்பத்தைத் தாங்கும் வலிமையையும் காட்டுகிறது. வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாற்றுக்கோ போகும்போது ஐந்து பேருக்கான வண்டியில் ஏழு பேரும் மூட்டையும் ஏறுவது நம் பக்கத்து வழக்கம். அந்தச் சுமை முழுவதும் டயரின் மேல்தான் இறங்குகிறது. ஆகவே அளவு ஒன்றாக இருக்கிறது, விலையும் குறைவு என்று தாங்குதிறன் எண் குறைந்த டயரை ஏற்றுக்கொள்ளக்கூடாது.

வண்டிக்கு உரிய அளவு எது என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளிலும், வண்டியோடு வந்த கையேட்டிலும் இருக்கும். இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அதையே வாங்குவது சரியாகாது, ஏனெனில் வண்டியின் முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கக்கூடும். ஒரு சுற்று அகலமான டயர் போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் எரிபொருள் செலவு கூடும், ஸ்டியரிங் கனக்கும், மொத்த உயரம் மாறினால் வேகமானி தவறான எண்ணைக் காட்டும். பணத்துக்கு மதிப்பு தேடுகிறவர் உரிய அளவிலேயே நின்றுவிடுவது நல்லது.

நேற்று வந்த டயரும் நேற்றுச் செய்த டயரும்

இனி என் சொந்த நட்டத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், ஒரு கடையில் நான்கு டயர்களும் மற்ற இடங்களைவிடக் கணிசமான குறைவில் கிடைத்தன. "புது சரக்குதானே தம்பி?" என்று கேட்டேன். "நேத்துதாங்க சார் வந்து இறங்குச்சு, நூல்கூடப் பிரிக்கல" என்றார் கடைப் பையன். அவர் சொன்னது பொய்யில்லை. டயர்கள் கடைக்கு வந்தது முந்தைய நாள்தான். இரண்டாவது கோடையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கச்சுவரில் காய்ந்த வண்டல் மண்ணைப் போல மயிரிழை வெடிப்புகள் ஓடியிருப்பதைக் கண்டேன். கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, தரையில் முழங்கால் ஊன்றி, டயரில் எதைத் தேடுகிறேன் என்று தெரியாமலே தேடியபோதுதான் அந்த நான்கு இலக்கங்களை முதன்முதலாகப் படித்தேன். நான் வாங்கிய நாளிலேயே அந்த டயர்களுக்கு மூன்று வயது முடிந்திருந்தது.

அந்த நான்கு இலக்கங்கள் பக்கச்சுவரில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2324 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் மாதத் தொடக்கம். சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும்; அந்தப் பக்கம் உட்புறமாக மாட்டப்பட்டுவிட்டால் பிறகு படிப்பது கடினம். ஆகவே ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே, நான்கு டயர்களிலும் தனித்தனியாகப் படித்துவிட வேண்டும். ஒன்று புதியதாகவும் மூன்று பழையதாகவும் இருப்பது அரிதன்று.

ஓடாத டயர் ஏன் கெட வேண்டும் என்று கேட்கலாம். மேசை இழுப்பறையில் பல ஆண்டுகள் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து இழுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். பயன்படுத்தாமலே அது மொறமொறத்து அறுந்துவிடும். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது, அதன் நீண்ட இழைகளுக்கு இடையே முடிச்சுகள் விழுகின்றன. அந்த முடிச்சுகள்தான் ரப்பருக்கு நீண்டு மீளும் குணத்தைத் தருகின்றன. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகும் காற்றிலுள்ள ஆக்சிஜன் தன் வேலையைத் தொடர்கிறது. முடிச்சுகள் மேலும் விழுந்து ரப்பர் இறுகுகிறது. சில இழைகள் அறுந்து வெடிப்பு காண்கிறது. வெப்பம் இதை விரைவுபடுத்தும். டயர் ரப்பரில் கலந்திருக்கும் காப்பு மெழுகு, சக்கரம் ஓடி ரப்பர் வளைந்து நிமிரும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். அதனால்தான் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்க, வாசலில் வெயிலில் நின்றுகொண்டேயிருக்கும் வண்டிகளின் டயர்கள் பட்டன் தேயாமலே வெடிப்பு விடுகின்றன.

பழைய அரிசிக்கு மதிப்பு அதிகம்; பழைய டயருக்கு அந்த மதிப்பு இல்லை. அதற்காக ஆறு மாதப் பழைய டயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நிழலில், வெப்பமில்லாமல் வைத்திருந்த டயர் ஓர் ஆண்டில் கெட்டுவிடாது. என் அளவுகோல் இதுதான்: ஆறு மாதத்துக்குள் என்றால் மறுபேச்சின்றி வாங்குவேன், ஓர் ஆண்டு வரை என்றால் விலையில் குறைப்பு கேட்பேன், அதற்கு மேல் என்றால், மிகக் குறைவாக ஓட்டும் என் வண்டிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மாட்டிய பிறகு ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுவதும், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், செய்யப்பட்ட நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டாமலிருப்பதும் டயர் நிறுவனங்களே சொல்லும் அறிவுரை. நம் ஊர் வெயிலுக்கு அந்தப் பத்தும் எனக்கு அதிகமாகவே படுகிறது.

பெரம்பலூர், அரக்கோணம், ஒரகடம் என்று தமிழ்நாட்டிலேயே பெரிய டயர் தொழிற்சாலைகள் இருக்கின்றன. புதிய தேதியிட்ட சரக்கை வரவழைக்கவே முடியாது என்று ஒரு கடை சொன்னால், அடுத்த கடையையும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

சுருக்கமாகச் சொன்னால், நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களை ரிம்மில் ஏற்றும் முன்பே படிக்க வேண்டும். கடைக்கு வந்த நாளும் செய்யப்பட்ட நாளும் வேறு வேறு.

பில், வரி, வாரண்டி

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 5,000 ரூபாய் என்றால், முன்பு 6,400 ரூபாய் கொடுத்த இடத்தில் இப்போது 5,900 ரூபாய்தான் ஆகும். பழைய விலைப்பட்டியலைக் காட்டி அதிலிருந்து ஐந்நூறு ரூபாயைத் 'தள்ளுபடி' என்று ஒருவர் கழித்துக் கொடுத்தால், அது உண்மையில் அவர் தரும் சலுகை ஆகாது.

பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்ற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. டயர் விஷயத்தில் இது பெரிய தவறு. டயருக்குள் உற்பத்திக் குறை இருந்து, ஓரிடத்தில் வீங்கிக்கொண்டாலோ அடுக்கு பிரிந்தாலோ, நிறுவனம் மீதமிருக்கும் பட்டனைக் கணக்கிட்டு அதற்கேற்ற தொகையைப் புது டயரின் விலையில் கழித்துக் கொடுக்கும். அதற்குத் தேதியிட்ட பில் வேண்டும். பள்ளத்தில் இறங்கி அடிபட்டது, கல் கிழித்தது போன்றவை பொதுவாக இதில் சேரா. பில்லில் டயரின் அளவும் தொடர் எண்ணும் எழுதியிருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

விலை கேட்கும்போது டயர் விலையை மட்டும் கேட்காமல், "கழற்றி மாட்டும் கூலி, புது வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து வண்டி வெளியே வர எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது, அலைன்மென்ட் என்பது முன்பு சொன்ன சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது. பழைய டயர்களை எடுத்துக்கொள்ள என்ன தருவார்கள் என்பதையும் அப்போதே பேசிவிடலாம். இரண்டு மூன்று கடைகளில் இதே கேள்வியை இதே வடிவத்தில் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

மாட்டும் இடத்தில் அரை மணி நேரம்

டயரைக் கடையில் விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவது நம் வழக்கம். இந்த அரை மணி நேரம் பக்கத்திலேயே நிற்பது நல்லது. நல்ல ஃபிட்டர் ஒருவர் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு பாடம். பழைய டயரை இயந்திரத்தில் வைத்து ரிம்மிலிருந்து பிரித்ததும், ரிம்மின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துருவையும் பழைய ரப்பர்த் துணுக்குகளையும் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி எடுப்பார். பிறகு டயரின் உள்விளிம்பில் சோப்புக் கரைசலைத் தடவி, கடப்பாரையால் நெம்பாமல், இயந்திரத்தின் கையால் வழுக்கி உள்ளே இறக்குவார். காற்று ஏறும்போது 'டப், டப்' என்று இரண்டு முறை ஒலி கேட்கும். இரண்டு பக்கத்து விளிம்புகளும் ரிம்மில் உட்கார்ந்துவிட்டதன் அடையாளம் அது. ரிம்மைச் சுரண்டாமல் ஏற்றினால் டியூப்லெஸ் டயரில் அந்த ஓரம் வழியாகக் காற்று மெதுவாகக் கசிந்துகொண்டேயிருக்கும். காற்று ஏற்றும் ரப்பர் வால்வையும் இந்தச் சமயத்தில் மாற்றிவிட வேண்டும். அதன் விலை மிகக் குறைவு. மாற்றாமல் விட்டு அது வெடித்தால் டயரை மறுபடியும் கழற்ற வேண்டியிருக்கும்.

அடுத்து வருவது பேலன்சிங். இதையும் அலைன்மென்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது மிகப் பரவலாக இருக்கிறது. வீட்டு மின்விசிறியில் ஓர் இறக்கை சற்று எடை கூடினால் விசிறி முழுவதும் ஆடும். மெக்கானிக் வந்து எதிர்ப்பக்க இறக்கையில் ஒரு சிறு எடையை வைத்தால் ஆட்டம் நிற்கும். சக்கரத்துக்குச் செய்யும் பேலன்சிங் அதேதான். டயரும் ரிம்மும் சேர்ந்து சுழலும்போது எந்தப் பக்கம் எடை கூடுகிறது என்று இயந்திரம் கண்டுபிடிக்கும். எதிர்ப்பக்கத்தில் சிறிய எடைக் கட்டியை மாட்டுவார்கள் அல்லது ஒட்டுவார்கள். இதைச் செய்யாவிட்டால் தஞ்சாவூர், திருச்சி நெடுஞ்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்கும். புது டயர் போட்ட ஒவ்வொரு சக்கரத்துக்கும் இது கட்டாயம்.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்த்து, எந்தச் சாய்வில் நிற்கின்றன என்பதைச் சரிசெய்வது. பாதத்தை உள்நோக்கித் திருப்பி நடக்கிறவருடைய செருப்பைப் பார்த்தால் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். சக்கரமும் அப்படித்தான். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை டோ என்றும், முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவைக் கேம்பர் என்றும் சொல்கிறார்கள். டோ மிகச் சிறிதளவு தவறினாலும் சக்கரம் உருளும் திசையும் வண்டி போகும் திசையும் வேறுபட்டுவிடும். திருவாரூர் ஆழித்தேரை வீதி முனையில் திருப்பும்போது பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தேரின் சக்கரத்துக்குத் தானாகத் திரும்பத் தெரியாது. முட்டுக்கட்டை போட்டு, சக்கரத்தைப் பக்கவாட்டில் தேய்த்து நகர்த்தித்தான் திருப்ப வேண்டும். தேருக்கு அந்தத் தேய்ப்பு வீதி முனையில் மட்டும். டோ தவறிய காருக்கு அது ஒவ்வொரு கிலோமீட்டரிலும், நேர்ச்சாலையிலும் நடந்துகொண்டேயிருக்கிறது.

என் இரண்டாவது நட்டம் இதில்தான். அந்தத் தீபாவளி அவசரத்தில், "பிறகு செய்துகொள்ளலாம்" என்று அலைன்மென்டை விட்டுவிட்டேன். வண்டி நேராகத்தான் போனது. எந்தக் குறையும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து முன்பக்க டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தபோது, உள்ளிருந்து வெளியே போகையில் வழுவழுப்பாகவும், வெளியிலிருந்து உள்ளே வருகையில் ரம்பம் போலவும் இருந்தது. நெற்பயிரின் தோகையை அடியிலிருந்து நுனிக்கு உருவினால் மிருதுவாக இருக்கும், நுனியிலிருந்து அடிக்கு வந்தால் கையை அறுக்குமே, அதைப் போல. டோ தவறியதற்கு இதுவே அடையாளம் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். கண்ணால் பார்த்தால் தெரியாத இந்தத் தேய்மானம் கைக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. மாதம் ஒரு முறை எஞ்சின் குளிர்ந்த பிறகு நான்கு டயர்களையும் இப்படித் தடவிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அலைன்மென்ட் முடிந்ததும் இயந்திரத்திலிருந்து வரும் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். திருத்துவதற்கு முன் இருந்த அளவும் பின் உள்ள அளவும் அதில் இருக்கும். பெரும்பாலான சிறிய கார்களில் வழக்கமாகத் திருத்தக்கூடியது முன்சக்கரங்களின் டோ மட்டுமே. கேம்பர் தவறியிருந்தால் பள்ளத்தில் இறங்கி ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம்; அந்தப் பாகம் எது என்று கேட்காமல், ஒவ்வொரு முறையும் 'கேம்பர் கரெக்ஷன்' என்ற பெயரில் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவற்றை எங்கே போடுவது என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. முன்சக்கரம்தான் இழுக்கிறது, திருப்புகிறது, ஆகவே புதியது முன்னால் என்பார்கள். டயர் நிறுவனங்கள் சொல்வது நேர்மாறு: புதிய இரண்டும் பின்னால். ஈரச் சாலையில் முன்டயர் வழுக்கினால் வண்டி திரும்ப மறுக்கும். அதை ஓட்டுநர் கையில் உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின்டயர் வழுக்கினால் வண்டியின் பின்பகுதி வீசிச் சுழன்றுவிடும். அதை மீட்பது சாதாரண ஓட்டுநருக்கு இயலாத காரியம். முன்டயர்கள் விரைவில் தேயும் என்பதால், 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் நான்கும் ஏறத்தாழ ஒன்றாகத் தேய்ந்து, அடுத்த முறை நான்கையும் ஒருசேர வாங்கலாம்.

காற்றழுத்தம் எவ்வளவு என்பது கதவோரத்து ஒட்டுத்தாளில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சாகியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதை வைத்துக் காற்று நிரப்பக்கூடாது. டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பார்ப்பதே சரி. காற்று குறைந்தால் டயரின் இரு ஓரங்களும் தேயும், கூடினால் நடுப்பகுதி தேயும். நைட்ரஜன் நிரப்பச் சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகத் தந்தால் நிரப்பிக்கொள்ளலாம், அதற்காகப் பணம் கொடுப்பதைவிட இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அழுத்தத்தைப் பார்ப்பது அதிகப் பயன் தரும்.

ஸ்டெப்னியும் போல்ட்டும்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. அங்கே 1900களின் தொடக்கத்தில் உபரிச் சக்கரம் செய்து விற்றதால் வந்த பெயர்தான் ஸ்டெப்னி. அந்தப் பெயரை இன்றும் நாம் நாள்தோறும் சொல்கிறோம். அந்தச் சக்கரத்தை மட்டும் பல ஆண்டுகள் திறந்தே பார்ப்பதில்லை. நான்கு டயர் மாற்றும் நாளில் டிக்கியைத் திறந்து அதன் நான்கு இலக்கத்தையும் காற்றையும் பார்த்துவிட வேண்டும். ஸ்டெப்னியும் மற்ற நான்கின் அளவிலேயே இருந்து, வயதும் குறைவாக இருந்தால், அதையும் சுற்றில் சேர்த்துக்கொண்டு மூன்று புதிய டயர் மட்டும் வாங்கலாமா என்று எண்ணத் தோன்றும். ஒரே அச்சில் இரண்டும் ஒரே வகையாகவும் ஒரே அளவு பட்டனோடும் இருந்தால் மட்டுமே அதைச் செய்யலாம்.

கடைசியாக, சக்கர போல்ட்டுகள். காற்றுத் துப்பாக்கியால் ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, முடிவில் கைப்பிடி ஸ்பேனரால் அளவு பார்க்கச் சொல்ல வேண்டும். புது டயரோடு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீட்டிலேயே ஒரு முறை ஸ்பேனர் போட்டுப் பார்க்கலாம். நான் இப்போது வண்டியின் கையேட்டுக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். டயர் மாட்டிய தேதி, ஓடோமீட்டர் எண், ஐந்து டயர்களின் நான்கு இலக்கங்கள் ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதி, பில்லையும் அலைன்மென்ட் தாளையும் அதற்குள் மடித்து வைத்துவிட்டுத்தான் கடையை விட்டுக் கிளம்புகிறேன்.